எந்தப் பிரதி இருக்கட்டும்

மாதனூர் போகும் கம்பெனி பஸ் சரியாக ஐந்தரைக்குக் கிளம்பிவிடும். அதைப் பிடிக்கும் அவசரத்தில் எங்கள் ஆம்பூர் ஷூ கம்பெனியில் பாதிப் பேர் கம்ப்யூட்டரை லாக் ஆஃப் செய்வதில்லை. திரையை மட்டும் அணைத்துவிட்டு ஓடுவார்கள். ஐயா, முதலில் இதை எழுதிக்கொள்ளுங்கள். இதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

என் பெயர் முனிரத்தினம். பதினொரு வருடமாக ஆம்பூர், வாணியம்பாடி இரண்டு யூனிட்டுக்கும் கம்ப்யூட்டர் என் பொறுப்பு. எங்களுக்கு எல்லாமே சர்வரில் இருக்கிறது. மேஜையில் இருப்பது வெறும் திரை. எந்த ஊரில் உட்கார்ந்து லாகின் செய்தாலும் உங்கள் ஃபைல் அங்கே வந்து நிற்கும். ஆனால் ஒரே பெயரில் இரண்டு ஊரிலும் திரை திறந்தே கிடந்தால் ஃபைல் இரண்டு பிரதி ஆகிவிடும். எது இருக்கட்டும் என்று ஆறு மணிக்குச் சர்வர் என்னைக் கேட்கும். புதியதை வைத்துப் பழையதை அழிப்பேன்.

ஜாஸ்மின் சேஃப்டி ஆபீசர். தோல் கழுவிய தண்ணீர் தேங்கும் தொட்டிகளில் விஷவாயுவை அளந்து, எதில் ஆள் இறங்கலாம், எதில் கூடாது என்று லிஸ்ட் போடுவார். வாணியம்பாடி ஷெட்டில் சூப்பர்வைசர் சமீருல்லாவுக்குத் தனி லாகின் கிடையாது. ஜாஸ்மின் பெயரிலேயே அங்கே ஒரு திரை எப்போதும் திறந்திருக்கும். அதைப் பார்த்துத்தான் அவர் ஆளை இறக்குவார்.

போன மாதம் ஒரு லிஸ்ட் அங்கே போய்ச் சேர அரை நாள் தாமதமாகிவிட்டது. மீட்டிங்கில் மேனேஜர் முன்னால் ஜாஸ்மின் என்னைக் கேட்டார். "நான் இங்க எழுதுனது அங்க வரணும், உங்களுக்கு அது ஒண்ணுதானே வேலை? அது கூட முடியலன்னா இன்னாதான் பண்றீங்க?" யாரோ சிரித்தார்கள். எனக்கு ரொம்ப அவமானமாக இருந்தது. என் மகள் வயதுப் பெண்.

அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் அவர் வாணியம்பாடி போய் இரண்டாம் தொட்டியை அளந்தார். சமீருல்லா அன்று லீவு. ஆம்பூர் திரும்பி வந்து, 'இறங்கலாம்' என்று இருந்ததை 'இறங்கக் கூடாது' என்று மாற்றினார். திரையை அணைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

ஆறு மணிக்குச் சர்வர் கேட்டது. நான் இரண்டு பிரதியையும் திறந்து படித்தேன். வாணியம்பாடியில் இருந்த பழையதே இருக்கட்டும் என்று அழுத்தினேன். காலையில் லிஸ்ட் மாறவில்லை என்று அவர் பதறிக்கொண்டு வருவார், லாக் ஆஃப் செய்யாதது உங்கள் தப்பு என்று மேனேஜர் முன்னால் சொல்லலாம் என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் எண்ணம்.

செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்குத் துப்புரவுத் தொழிலாளி கோபி அந்தத் தொட்டியில் இறங்கினான். மயங்கி விழுந்தவனைத் தூக்கக் கூட வேலை செய்த பூவரசன் இறங்கினான். இரண்டு பேருமே மேலே வரவில்லை. செய்தி கேட்டதும், ஜாஸ்மின் மாற்றிய பிரதி பேக்கப்பில் மிச்சம் இருந்ததே, அதையும் அழித்தேன். தடை எழுதியதாக அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. எழுதியதற்கு அடையாளமே இல்லையே. இப்போது வேலூர் ஜெயிலில் இருக்கிறார்.

இன்னும் ஒன்று பாக்கி. நீங்கள் போன் நம்பர்களைப் பார்த்தால் எப்படியும் தெரிந்துவிடும்.

ஷெட்டுக்குள் செல்போன் கூடாது. அதனால் அன்று காலை எட்டே முக்காலுக்கு ஜாஸ்மின் பஸ்ஸிலிருந்து என்னைக் கூப்பிட்டார். "சார், ரெண்டாம் தொட்டி லிஸ்ட் வாணியம்பாடிக்குப் போய்ட்டுதா? மனசே சரியில்ல."

"போய்டுச்சும்மா" என்றேன்.

"ரொம்ப தேங்க்ஸ் சார். அன்னிக்கு மீட்டிங்ல பேசுனத மனசுல வெச்சுக்காதீங்க."

அப்போது இன்னும் கால் மணி நேரம் இருந்தது. ஷெட்டுக்கு இன்டர்காமில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்தான். ஆனால் ஐயா, பதினொரு வருடத்தில் அந்தக் கம்பெனியில் ஒருவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டது அதுதான் முதல் தடவை. அதைக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.