என் மச்சானுக்கு நான்தான் மூக்கு

என் மூக்கு நல்ல மூக்கு, அம்மாடி. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே அடுப்பில் என்ன தீய்கிறது என்று சொல்லிவிடுவேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் காலையில் என்ன சோப்புப் போட்டுக் குளித்தார் என்பதுகூடத் தெரிந்துவிடும், குளிக்கவில்லை என்றால் இன்னும் நன்றாகத் தெரியும். இதை எதற்கு முதலில் சொல்கிறேன் என்றால், உன் கல்யாணத்துக்கு முந்தின நாள் கூடத்தில் எல்லார் முன்னாலும் நீ என்னை ஒன்று கேட்டாய். "மாமா, உங்களுக்கு வாடையே தெரியலையா?" கேட்டுவிட்டு நீயே வாயைப் பொத்திக்கொண்டாய். தாய்மாமனைப் போய் இப்படிக் கேட்டுவிட்டோமே என்று உனக்கு ஆகிவிட்டது. நீ கேட்டதில் தப்பே இல்லை. பதில் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான்.

உன் அப்பாவை 'அவர்' என்று சொல்லிப் பார்த்தேன், வாயில் வரவில்லை. அரை டவுசர் காலத்திலிருந்து சேர்ந்து சுற்றியவர்கள் நாங்கள். அவன் என்றே சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

எங்கள் வாலிபத்தில் ஊரே ஒரு பாடகன் பின்னால் பைத்தியமாக அலைந்தது. அவன் சொந்தப் பேர் என்னவோ, எல்லாரும் கூப்பிட்டது மின்னல் என்று. பாடிக்கொண்டே ஒரு சுற்றுச் சுழன்று அப்படியே நிற்பான், கூட்டம் மயங்கி விழும். பாட்டைக் கேட்க ரேடியோ இருந்தது. பார்க்க வேண்டுமென்றால் தியேட்டருக்குப் போகவேண்டும், இல்லாவிட்டால் வீட்டிலேயே சின்னப் புரொஜெக்டர் வைத்திருக்கவேண்டும். வீட்டுப் புரொஜெக்டருக்கென்றே சுண்டுவிரல் அகலத்தில் பிலிம் போட்டு, டப்பாவுக்கு ஒரு பாட்டு என்று கடைகளில் விற்றார்கள். நான் புரொஜெக்டர் ரிப்பேர்க் கடையில் வேலை பார்த்ததால் எனக்கு ஓசியில் படம். உன் அப்பா என் கடைக்கு வந்து வந்தே மின்னல் பைத்தியமானான். மின்னல் ரீல் எங்கே கிடைத்தாலும் அள்ளிக்கொண்டு வருவோம். சில டப்பாக்கள் குப்பைக் கிடங்கிலிருந்துகூட வந்தன.

பிலிமுக்கு ஒரு வியாதி உண்டு. வயசாக ஆக அதிலிருந்து வினிகர் வாடை வரும். அப்புறம் சுருங்கும், அலையலையாக நெளியும், கடைசியில் அப்பளம்போல நொறுங்கும். வந்தால் மருந்து கிடையாது. அதைவிடக் கொடுமை, அது ஒட்டுவாரொட்டி. ஒரு ரீலுக்கு வந்துவிட்டால் அந்த ஆவியே மூடிய அலமாரியில் இருக்கிற மற்றதையெல்லாம் பிடித்துக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியும்போது காரியம் கைமீறியிருக்கும். மூக்குக்குத்தான் முதலில் தெரியும். அதனால் ரீல் சேர்க்கிற எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம்: யார் புது ரீல் கொண்டுவந்தாலும் வாசலிலேயே டப்பாவைத் திறந்து மோந்து பார்க்கவேண்டும். வினிகர் அடித்தால் அது படி தாண்டக்கூடாது. என் கடைப் பின்னறையில் அந்த மாதிரி ரீல்களுக்குத் தனி அலமாரி இருந்தது. அதற்கு நாங்கள் வைத்த பேர் ஆஸ்பத்திரி.

உன் அப்பாவுக்கு மூக்கு வேலை செய்யாது. உனக்குத் தெரிந்ததுதான். இளவயதில் வந்த விஷக்காய்ச்சல் அதை வாரிக்கொண்டு போய்விட்டது. பால் திரிந்ததா என்று தெரிய அவன் குடித்துத்தான் பார்க்கவேண்டும். அதனால் அவன் ரீல்களுக்கு நான்தான் மூக்கு. மாசம் ஒரு தடவை வந்து எல்லாவற்றையும் திறந்து மோந்து பார்த்துவிட்டுப் போவேன். "கண்ணு என்கிட்ட, மூக்கு உன்கிட்ட மச்சான். ரெண்டு பேரும் சேர்ந்தாத்தான் ஒரு முழு ஆளு" என்பான். உன் அம்மா அடுக்களையிலிருந்து, "அந்த முழு ஆளுக்கு மூளை யாருகிட்ட இருக்கு?" என்று கேட்பாள். அவள் அப்படித்தான், யாரையும் விடமாட்டாள்.

அவளைப் பற்றிச் சொல்லவேண்டும். என் ஒரே தங்கச்சி. எங்களிடம் இருந்ததிலேயே அபூர்வமானது வெள்ளைக் கோட்டு ரீல். மின்னல் வெள்ளைக் கோட்டுப் போட்டுப் பாடி, கடைசியில் குனிந்து வணங்குவான். அது நான் தேடிப் பிடித்தது. அவளுக்கு அப்போது பதினாலு வயசு இருக்கும். அந்த ரீலைப் பார்த்துவிட்டு எங்கள் அப்பாவின் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, முழங்கால் வரை தொங்கத் தொங்க முற்றத்தில் ஆடினாள். கடையில் ரிப்பேருக்கு வந்திருந்த ஒரு கேமராவில் அதைப் படம் பிடித்தேன். ஒரு நிமிஷம்கூட வராது. கழுவி எடுத்து அந்த ரீலின் வாலில் ஒட்டிவிட்டேன். மின்னல் குனிந்து நிமிர்ந்ததும், சட்டென்று அவள் வருவாள். அதே சுற்றுச் சுழன்று, தடுமாறி, சமாளித்து, அதே மாதிரி குனிவாள். பார்க்கிறவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். கல்யாணமாகிப் போனபோது அந்த ரீலை அவளுக்கே கொடுத்தேன். நீ தொட்டிலில் கிடந்தபோது அவள் போய்விட்டாள். அவள் அசைவது, சிரிப்பது எல்லாம் உலகத்திலேயே அந்த ஒரு துண்டில்தான் இருந்தது.

மின்னல் இறந்த வருஷம் எங்கள் கூட்டம் ஒரு வாடகை ஹாலில் காட்சி வைத்தது. உன்னை யாரோ ஒரு பாட்டியிடம் விட்டுவிட்டு உன் அப்பா வெள்ளைக் கோட்டு ரீலோடு வந்தான். நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மின்னலைப் பார்க்க அல்ல. மின்னல் குனிந்தான், நிமிர்ந்தான். திரை வெள்ளையானது. விளக்கைப் போட்டார்கள். யாரோ ஒரு பெரிய மனுஷர் எழுந்து, "என்ன சுத்தமான பிரிண்ட்டுய்யா, ஒரு ஒட்டுகூட இல்ல" என்றார். உன் அப்பா பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "இருந்துச்சு சார், வால்ல ஒண்ணு. எடுத்துட்டேன்" என்றான்.

எடுத்துட்டேன். நகத்தை வெட்டிப் போடுகிற மாதிரிச் சொன்னான். என் வயிறு எரிந்தது, அம்மாடி. இன்றைக்கும் எரிகிறது. எழுந்து போய், "அதை என்னடா செஞ்சே?" என்று கேட்டிருக்கலாமே என்பாய். நான் எதற்குக் கேட்கவேண்டும்? சொல்லவேண்டியவன் அவன். அவன் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. வெளியே வந்து டீ வாங்கிக் கொடுத்தான், குடித்தேன்.

கையை நீட்டி அவனை அறைந்திருக்கலாம். அறைந்தால் ஒரு வாரத்தில் வீக்கம் வற்றிவிடும், அதற்கப்புறம் மச்சான் மச்சான் என்று மறுபடி வந்து நிற்பான். ஒட்டில்லாத சுத்தமான பிரிண்ட்தானே உனக்கு உசிர், அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நினைத்தேன். அடுத்த மாசம் மோந்து பார்க்க வந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு ரீலைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். நல்ல முற்றின கேஸ், டப்பாவைத் திறந்தால் கண்ணில் தண்ணீர் வரும். அதை மாடியில் அவன் இரும்பு அலமாரியின் அடித்தட்டில், பழைய கேட்டலாக்குகளுக்குப் பின்னால் வைத்தேன். மூடியைக் கொஞ்சம் தளர்த்தி வைத்தேன். "இந்தச் சுவர் ஓதமடிக்குது மச்சான், அந்தப் பக்கம் நகர்த்து" என்று அலமாரியை மேற்கு வெயில் காய்கிற சுவரோரம் தள்ளவைத்ததும் நான்தான். அவனே ஒரு பக்கம் பிடித்துத் தள்ளினான். ஈரத்தை உறிஞ்சுகிற பொட்டலங்களை மாற்றுகிறேன் என்று சொல்லிப் பழையதையே திரும்ப வைத்தேன்.

அதற்கப்புறம் நான் செய்தது ஒன்றுமில்லை. மாசாமாசம் வந்தேன். ஒவ்வொரு டப்பாவாகத் திறந்தேன், மோந்தேன். "எப்படி இருக்கு மச்சான்?" என்பான். "நல்லா இருக்கு" என்பேன். அவ்வளவுதான். அவன் உச்சி குளிர்ந்து போவான், எனக்கு இன்னொரு வாய்க் காப்பி ஊற்றுவான். அந்தக் காப்பியை நான் ஒரு தடவைகூட மிச்சம் வைத்ததில்லை.

உனக்கு நினைவிருக்கும், ஒரு லீவுக்கு ஹாஸ்டலிலிருந்து வந்தவள் மாடிப்படியிலேயே நின்று, "மாமா, மேல என்னமோ புளிச்ச வாடை அடிக்குது" என்றாய். "ரீல் துடைக்கிற மருந்துடா கண்ணு, கிட்டப் போகாதே" என்றேன். நீ நம்பினாய். நான் சொல்லி நீ எதைத்தான் நம்பவில்லை? அம்மா வாங்கித் தராத ரிப்பன், பொம்மை எல்லாம் வாங்கித் தந்தது நான்தானே.

இப்போது இன்னொன்று சொல்லவேண்டும். இதைச் சொல்லாமலே முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். நீ காலேஜ் சேர்ந்த வருஷம், உன் அப்பா கீழே யாரோடோ பேசிக்கொண்டிருக்க, நான் மட்டும் மாடியில் இருந்தேன். மேல்தட்டுக் கோடியில் உன் அம்மாவின் கைக்குட்டை ஒன்றில் சுற்றி, உள்ளங்கை அளவுக்கு ஒரு டப்பா. அத்தனை வருஷமும் அந்தக் கோடியில் கையை விட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. மேலே அவன் கையெழுத்து: 'பாப்பா கல்யாணத்துக்கு.' திறந்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முழங்கால் வரை தொங்குகிற வெள்ளைச் சட்டை.

அவன் அதைத் தூக்கிப் போடவில்லை. ஓட்ட ஓட்ட, ஒட்டின இடம் புரொஜெக்டரின் பல்சக்கரத்தில் கிழியும். ஒரே பிரதி என்றால் தனியே எடுத்துத் தனி டப்பாவில் வைக்கவேண்டும். அதுதான் சரியான முறை. அதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்.

மோந்து பார்த்தேன். லேசாக, மிகவும் லேசாக ஆரம்பித்திருந்தது. அன்றைக்கே கொண்டுபோய் நகல் எடுத்திருந்தால் பிழைத்திருக்கும். எடுத்துப் பையில் போட்டுக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் யோசித்துப் பார். உன் கல்யாணத்தில் அவன் அதைப் போட்டுக் காட்டுவான். எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள், பெண்டாட்டியை இத்தனை வருஷம் பொத்தி வைத்திருந்தானே என்று அவனைத் தலையில் தூக்கி வைத்து ஆடுவார்கள். கேமராவைப் பிடித்தவன் யார் என்று ஒருத்தர் கேட்கமாட்டார். ஹாலில் என் வயிறு எரிந்த எரிச்சலுக்கு யார் பதில் சொல்வது? டப்பாவை மூடினேன். மேல்தட்டில் வைக்கவில்லை. அடித்தட்டில், அந்த முற்றின கேஸுக்குப் பக்கத்திலேயே, மூடியோடு மூடி ஒட்டி வைத்தேன். உன் கல்யாணம் நிச்சயமான பிறகுதான் திரும்ப மேல்தட்டுக்கு மாற்றினேன், கைக்குட்டையைச் சரியாகச் சுற்றி.

மிச்சத்தை நீயே பார்த்தாய். சுவரில் வெள்ளைத் துணி கட்டி, சொந்தக்காரர்களை உட்காரவைத்து, "பாப்பா, இத்தனை வருஷமா இதுக்காகத்தான் பத்திரமா வச்சிருந்தேன். உங்கம்மா ஆடுறதை நீ பாக்கணும்" என்று டப்பாவைத் திறந்தான். கூடத்தில் எல்லார் கையும் மூக்குக்குப் போனது, அவன் கை மட்டும் போகவில்லை. பிலிமின் நுனியைத் தூக்கினான், முறிந்தது. மறுபடி மாட்டினான், மறுபடி முறிந்தது. மடியெல்லாம் பொடி. என் பக்கம் நீட்டி, "மச்சான், மோந்து பாருப்பா. போன மாசம்கூட நல்லாத்தானே இருந்துச்சு?" என்றான். அப்போதுதான் நீ கேட்டாய்.

"திடீர்னு வரும் மச்சான்" என்றேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்மேல என்ன தப்பு, என் மூக்குதான் உதவாத மூக்கு" என்று அழுதான். இப்போதும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறானாமே. மாடிக்கே போவதில்லை, சாப்பாட்டில் கை வைப்பதில்லை என்று நீ போனில் சொன்னாய்.

தெரிந்தது, அம்மாடி. வாடை முதல் நாளிலிருந்தே எனக்குத் தெரிந்தது.

உனக்கு ஒரு ஆறுதலும் வைத்திருக்கிறேன். அன்றைக்கு ஜன்னலோரம் நின்றபோது, டப்பாவை மூடுவதற்கு முன்னால் அவள் குனிகிற இடத்தில் ஒரு சின்னத் துண்டை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொண்டேன். கழுவி, காற்றாட வைத்து, வாரம் தவறாமல் பார்த்துக்கொள்கிறேன். ஒரு குறை இல்லை. அவள் அசையமாட்டாள், ஆனால் முகம் தெரிகிறது. ஒரு நாள் கடைக்கு வா, வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுகிறேன். கையில் தா என்று மட்டும் கேட்காதே. உன்னிடம் கொடுத்தால் உன் அப்பா கைக்குப் போகும், அவனுக்கு எதையும் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரியாது.