எதிர்க் கட்டடத்துப் பதினோராவது மாடி

இந்தப் பால்கனிக் கதவ மட்டும் கொஞ்சம் தூக்கித் தள்ளணும்மா, இல்லன்னா வராது. ஆங், வாங்க. வீடு பாக்க வர்றவங்க எல்லாரும் கடைசில இங்கதான் வந்து நிப்பாங்க. பதினாலாவது மாடி இல்லையா, ஊரோட நடுப்பகுதி மொத்தமும் தெரியும்.

அந்த மழுங்கின கூம்பு பழைய தந்தி ஆபீசு. அதுக்குக் கீழ தகரக் கூரையா தெரியுதே, அது பாத்திரக் கடைத் தெரு. பயப்படாதீங்க, சத்தம் இவ்வளவு உயரத்துக்கு வராது. அந்தாண்ட கோர்ட்டு. பத்து மணிக்கு வக்கீலுங்க எறும்பு மாதிரி உள்ள போவாங்க. இந்தப் பக்கம் நிக்கிறதெல்லாம் பேங்கு, இன்சூரன்சு. சாயங்காலம் அந்தக் கண்ணாடில வெயில் பட்டு நேரா ஹாலுக்குள்ள அடிக்கும். திரை போட்டுக்குங்க.

நீலக் கண்ணாடியா? முப்பத்திரெண்டு மாடி. நான் அங்கதாம்மா வேலை பாக்குறேன், ஒன்பதாவது மாடியக் கூட்டித் தொடைக்கிறது. அது நிக்கிற எடத்துல முன்ன ஒரு தெரு இருந்துச்சு. நாப்பத்தோரு வீடு, அதுல ஒண்ணு எங்க வீடு. கணக்குப் போட்டுப் பாத்தா, இப்ப நான் தொடைக்கிற மீட்டிங் ரூம் எங்க பழைய சமையல்கட்டுக்கு நேர் மேல வருது. சிரிங்க, தப்பில்ல. நானே சிரிச்சிருக்கேன்.

அப்பா அம்மாவுக்கு அப்புறம் வீடு எனக்கும் அக்காவுக்கும் பாதிப் பாதி. கீழ அக்காவும் மாமாவும் பையனும், மாடியில நான். எனக்குக் கல்யாணம் ஆகல, அது வேற கதை. அக்கா சட்டைக்குக் காலர் தைக்கிறவ. தெருவுல ஹெட்மாஸ்டர்னுதான் சொல்வாங்க. யார் வீட்டுப் புள்ள பள்ளிக்கூடம் போகலன்னாலும் இவதான் வாசல்ல போய் நிப்பா.

கட்டடம் கட்டுற கம்பெனி வந்துச்சு. எல்லாரும் கையெழுத்துப் போட்டா ஆளுக்கொரு ஃபிளாட்டுன்னாங்க. நானும் அக்காவும் உக்காந்து பேசினோம், போடறதில்லன்னு முடிவு பண்ணோம். ஒரு செவ்வாக்கிழமை நான் வேலைக்குப் போயிட்டு வந்து பாக்குறேன், அவ போட்டுட்டா. மாமாவுக்கு மூச்சு வாங்குதாம், அந்த ஓதம் புடிச்ச செவுத்துக்குள்ள இனிமே இருக்க முடியாதாம். சரிதான், மாமாவுக்கு முடியலதான். என்கிட்டச் சொல்லியிருந்தா நானே போட்டிருப்பேன். சொல்லல. அவ்வளவுதாம்மா விஷயம், வேற ஒண்ணும் இல்ல. அவ பாதி போனப்புறம் என் பாதிய வச்சுக்கிட்டு என்ன பண்றது? மறுவாரம் நானும் போட்டேன்.

சாமான் ஏத்துற அன்னிக்கு வேன் பக்கத்துல நின்னு சொன்னேன், இனிமே நீ யாரோ நான் யாரோன்னு. அவ தையல் மிஷினுக்குப் போர்வை சுத்திக்கிட்டு இருந்தா. நிமிந்துகூடப் பாக்கல.

குடுத்தாங்க பாருங்க ஃபிளாட்டு, ரெண்டு பேருக்கும் எதிரெதிர். அதோ மஞ்சக் கட்டடம், பதினோராவது மாடி, கம்பி போட்ட ஜன்னல். அது என் சமையல்கட்டு. நடுவுல ஒரு ரோடு. ஆறு வருஷம். மாமா போனப்ப வந்தேன், கூட்டத்தோட கூட்டமா நின்னுட்டுத் திரும்பிட்டேன். பேசல.

ஆமா, இது அக்கா வீடுதான். அவளும் இப்ப இல்ல, நாலு மாசமாச்சு. பையன் வெளிநாட்டுல இருக்கான். சித்தி, நீங்கதான் பக்கத்துல இருக்கீங்க, நல்ல ஆளாப் பாத்து விட்டுடுங்கன்னான். மறைச்சு வீட்ட விடக்கூடாது, அதனால சொல்லிடறேன். இங்கதான் போனா. பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சிடுச்சு. தரையெல்லாம் மாத்தியாச்சு, இப்ப வழுக்காது. மூணாவது நாள் பையன் ஃபோன் போட்டு, எடுக்கலன்னு வாட்ச்மேனுக்குச் சொல்லி, பூட்ட உடைச்சாங்க. விழுந்த உடனே போயிருக்க மாட்டாங்க, ஒரு நாளுக்கு மேல உயிர் இருந்திருக்கும்னு டாக்டர் சொன்னாரு. நான் கேக்கல. அவராத்தான் சொன்னாரு.

யாருமே கவனிக்கலையான்னா கேக்குறீங்க?

நான் கவனிச்சேனே. இந்தா, இந்தக் கொடியிலதான் துணி கெடந்துச்சு. ரெண்டு புடவை, ஒரு துண்டு, தலகாணி உறை. மொத நாள் சாயங்காலம் எடுக்கல. மறுநாள் மழை, நல்லா நனையுது, எடுக்கல. நான் அந்த ஜன்னல்ல நின்னு டீ குடிச்சுக்கிட்டே பாக்குறேன். திமிரப் பாரு, நான் பாக்குறேன்னு தெரிஞ்சே போட்டு வச்சிருக்கான்னு நெனச்சேன். மூணாவது நாளும் பாத்துட்டுத்தான் வேலைக்குப் போனேன். பையன்கிட்ட இதச் சொல்லல. உங்ககிட்டதான் சொல்றேன், ஏன்னு தெரியல.

போன வருஷம் எனக்குக் காய்ச்சல், எந்திரிக்க முடியல. ஒரே ஒரு நாள்தான் ஜன்னல் தெறக்கல. மறுநாள் காலையில எங்க வாட்ச்மேன் வந்து கதவத் தட்டுறாரு. எதிர்க் கட்டடத்து அம்மா பாத்துட்டு வரச் சொன்னாங்கன்னாரு.

வாங்க, சமையல்கட்டப் பாத்துடலாம்.