முள் சொன்னதும் நான் சொன்னதும்

அந்த நாற்காலி வேண்டாம் சார், ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். சட்டையில் கறை படுமே என்று பயப்பட வேண்டாம். கார் ஒர்க்‌ஷாப் என்றாலே எண்ணெய்ப் பிசுக்கு என்று நினைத்து வந்தவர்கள், என் தரையைப் பார்த்து வாயடைத்துப் போயிருக்கிறார்கள். கையில் எப்போதும் ஒரு துணி வைத்திருப்பேன். கசிவைக் கண்டால் துடைத்துவிடுவேன். இருபது வருடப் பழக்கம்.

மாப்பிள்ளையைப் பற்றித்தானே கேட்க வந்திருக்கிறீர்கள். என் தங்கச்சி புருஷன். அவன் மேல் எனக்கு எந்த மனத்தாங்கலும் இருந்ததில்லை. என்னைவிடக் கெட்டிக்காரன் என்று நாலு பேர் முன்னால் நானே சொல்லியிருக்கிறேன். அப்பா அம்மா போனபோது தங்கச்சிக்கு ஒன்பது வயது. தலை பின்னிவிட்டதிலிருந்து கல்யாணம் பண்ணிக் கொடுத்தது வரை எல்லாம் நான்தான். கல்யாணத்துக்குப் பிறகும் அவர்களை மாடியிலேயே வைத்துக்கொண்டேன். கீழே ஒர்க்‌ஷாப், மேலே வீடு. அவள் படியிறங்கும் செருப்புச் சத்தத்தை வைத்தே அன்றைக்கு அவள் மனசு எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுவேன்.

மாப்பிள்ளை ஒரு பழைய சின்னக் காரை வாங்கி, டர்போ பொருத்தி, அதை வேறு வண்டியாகவே ஆக்கியிருந்தான். வெளியூரில் பந்தய வண்டி செய்கிற கம்பெனி ஒன்று, 'அதை ஓட்டிக்கொண்டு வா, பார்த்துவிட்டு வேலை தருகிறோம்' என்றது. படிப்பில்லாதவனுக்கு அந்த வண்டிதான் சான்றிதழ். வேலை கிடைத்தால் அவளையும் கூட்டிக்கொண்டு போய்விடுவான். அவள் அதற்குள் பெட்டிகளை இறக்கித் தூசு தட்டிவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வலித்தது சார்.

அந்தச் சமயம் பார்த்து வண்டி மக்கர் செய்தது. டர்போ காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கும். காற்று ஏற ஏறப் பெட்ரோல் அழுத்தமும் ஏற வேண்டும். இறங்கினால் சூட்டில் பிஸ்டன் உருகிவிடும். எனவே அழுத்தம் காட்டும் மீட்டரை என் பக்கத்துக் கண்ணாடிக்கு வெளியே டேப் போட்டு ஒட்டினோம். ஆளில்லாத சாலையில் அவன் மிதிப்பான், நான் முள்ளைப் பார்த்து எண்களைச் சத்தமாகச் சொல்வேன். அவன் கண் ரோட்டில், என் கண் முள்ளில். முதல் நாள் உள்ளதைத்தான் சொன்னேன். மூன்று, இரண்டரை, இரண்டு.

மறுநாள் காலையிலேயே கோளாறு கிடைத்துவிட்டது. அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டருக்குப் போகிற சுண்டுவிரல் நீள ரப்பர் குழாயில் மயிரிழை வெடிப்பு. மாற்றினேன். சொல்லலாம் என்றுதான் இருந்தேன். சாயங்காலம் ஓட்டிப் பார்த்தபோது முள் ஜோராக நாலுக்கு ஏறி நின்றது.

"நல்லா இழுக்குதே மச்சான். எவ்வளவு காட்டுது?" என்றான்.

"ரெண்டு" என்றேன்.

அவ்வளவுதான். வாய் தவறியது போலத்தான் வந்தது. ஆனால் ஒரு தடவை சொல்லிவிட்டால் மறுநாளும் சொல்ல வேண்டியிருக்கிறது. நாலு மாதம் சொன்னேன். அவன் பெட்ரோல் பம்பை மாற்றினான், ஃபில்டரை மாற்றினான், வயரிங்கையே பிரித்துப் போட்டான். கெட்ட மெக்கானிக் என்றால், வண்டிதான் நன்றாக ஓடுகிறதே என்று கிளம்பிப் போயிருப்பான். நல்ல மெக்கானிக் தன் உணர்வை நம்ப மாட்டான், மீட்டரைத்தான் நம்புவான்.

அவனுக்குச் சோறு இறங்கவில்லை. தங்கச்சி என்னிடம், "அண்ணா, அவருக்கு நெஜமாவே வேலை தெரியாதா?" என்று கேட்டாள். எனக்கு அவன் மேல் பரிதாபமாக இருந்தது. பரிதாபம் என்றால் உண்மையான பரிதாபம்.

கடைசியில் அவன் ரெகுலேட்டர் திருகைத் திருப்ப ஆரம்பித்தான். ஓடும்போது அழுத்தம் இறங்குகிறது என்றால், நிற்கும்போதே ஏற்றி வைத்துவிடலாம் என்று கணக்கு. வாரத்துக்குக் கால் சுற்று. மிதிக்கும்போது முள் ஐந்தைத் தாண்டி ஆறுக்குப் போயிற்று. நான் மூன்று என்றேன். பின்னால் கறும்புகை வந்தது.

"பெட்ரோல் அதிகமானாத்தானே மச்சான் கறுப்பா புகை வரும்? நீங்க கொறையுதுன்னு சொல்றீங்க."

"நம்பிக்கை இல்லைன்னா நான் ஓட்டறேன், நீயே பாத்துச் சொல்லு."

என் இடது முழங்கால் போய் வருடக்கணக்காகிறது, கிளட்ச் மிதிக்க முடியாது என்று அவனுக்குத் தெரியும். "ஐயோ, உங்களைப் போய்ச் சொல்வேனா" என்று வெட்கப்பட்டுப் போனான்.

அந்தக் கம்பெனி கடைசித் தவணையாக ஒரு திங்கட்கிழமையைக் குறித்தது. அதற்கு முந்தைய சனிக்கிழமை மதியம் அவன் சாப்பிட மாடிக்குப் போனான். நான் பானெட்டுக்குள் பார்த்தேன். பெட்ரோல் குழாய் இணைப்பில், ஓடும்போது தணலாய்க் கொதிக்கிற டர்போவுக்கு நேர் மேலே, ஒரு முத்து பெட்ரோல் கசிந்து நின்றது. அவ்வளவு அழுத்தத்தை அது தாங்காது. ஸ்குரூட்ரைவரால் இரண்டு சுற்று முடுக்கியிருந்தால் போதும்.

துடைத்தேன். பழக்கம் என்றுதான் எல்லாரிடமும் சொன்னேன். உங்களிடம் உள்ளதைச் சொல்கிறேன், கிளம்பும் முன் ஒவ்வொரு இணைப்பையும் அவன் விரலால் தொட்டுப் பார்ப்பான் என்று தெரிந்துதான் துடைத்தேன். தொட்டுப் பார்த்தான். விரல் காய்ந்திருந்தது.

"நீங்க ரெஸ்ட் எடுங்க மச்சான். இன்னைக்கு அவ பாக்கட்டும்" என்று சொல்லி, போனை மீட்டருக்கு நேராக வைத்து அவளுக்கு வீடியோ கால் போட்டுவிட்டுத் தனியாகப் போனான். நான் அதை எதிர்பார்க்கவில்லை. தடுத்திருக்கலாம். கையில் துணியோடு நின்றேன்.

மாடி ஜன்னல் திறந்திருந்தது. பாடம் ஒப்பிக்கிறவள் மாதிரி அவள் படித்தது கீழே கேட்டது. "அஞ்சு... அஞ்சே முக்கால்... ஆறு... ஆறரை. ஆறரையிலயே நிக்குதுங்க." அவன் சிரித்தானாம். வாய்விட்டுச் சிரித்தானாம். "வண்டியில கோளாறு ஒண்ணுமே இல்லடி!" என்றானாம். அதற்குப் பிறகு திரை முழுக்க வெளிச்சம் என்றாள். எரிந்த வண்டியை நீங்களே பார்த்திருக்கிறீர்கள்.

எல்லாம் முடிந்த நாலாம் நாள் வந்து கேட்டாள். "அண்ணா, ஆறரைங்கிறது மூணை விடக் கொறைச்சலா?"

நான் துணியை எடுத்துத் தரையைத் துடைத்தேன். ஸ்டேஷனுக்குப் போன் செய்தது அவள்தான் என்கிறீர்கள். இருக்கட்டும், அறியாப் பெண். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லுங்கள், போடுகிறேன். மாடிக்குப் போனால் கொஞ்சம் மெதுவாக அவள் அறைக் கதவைத் தட்டுங்கள். பத்து நாளாக உள்ளே தாழ் போட்டுக்கொண்டிருக்கிறாள். வாசலில் வைக்கிற தட்டு வைத்தபடியே இருக்கிறது. கோபம் தணிந்தால் சாப்பிடுவாள், சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். படியடியில் கிடந்த பெட்டிகளை நான் துடைத்துத் திரும்பப் பரணில் ஏற்றிவிட்டேன். அவள் எங்கும் போகவில்லை சார், என்கூடத்தான் இருக்கிறாள்.