கட்-ஆஃபில் வராத பாடம்

ஹலோ... ஹலோ, ஜெயவேலு சாரா? ... நான் ஆரோனோட அம்மா பேசறேன், சரோஜினி. இரும்புலியூர்லேர்ந்து... ஆமா... ஆமா ஆமா, ப்ளஸ் டூ ரிசல்ட் பார்த்தோம்... சார், ஸ்வீட்டெல்லாம் இருக்கட்டும். முதல்ல அந்த பேனரைக் கழட்டுங்க.

... எந்த பேனரா? பஸ் ஸ்டாப் எதிர்ல எம்புள்ள மூஞ்சிய ஆளுயரத்துக்கு அடிச்சு மாட்டி வெச்சிருக்கீங்களே, அதான்! 'எங்கள் டியூஷன் சென்டரின் வருங்கால டாக்டர்'னு போட்டு!

... என்ன தப்பா? சார், அவன் ஃபெயில்!

... ஹலோ? ... ஆமா, ஃபெயில்தான். தமிழ்ல... தமிழ்ல சார், தமிழ்ல! இருநூறுக்கு அறுபத்தொண்ணு. எழுபது எடுத்தாதானே பாஸ்? ... நீங்க சொல்ற மார்க்கெல்லாம் கரெக்ட்டுதான். கெமிஸ்ட்ரி இருநூறு... ஆமா... ஆமா, யாரு இல்லேன்னா? ஒரு பேப்பர் போனா மொத்தமும் போச்சே சார். இந்த வருஷம் மெடிக்கல் அவ்ளோதான். இது உங்களுக்கு நான் சொல்லணுமா?

நெட் சென்டர்ல அவன் நம்பரைப் போட்டுப் பார்த்தீங்க இல்ல? மொத வரியே தமிழ்தானே? ... பார்க்கலையா? உங்க மூணு பாடத்தை மட்டும் பார்த்துட்டு பேனர் அடிக்கக் குடுத்துட்டீங்க!

... என்னது? ... நானா? தமிழ் கிளாஸை நானா சார் நிறுத்தினேன்? ஸ்கூல்ல தமிழ் ஐயா சனிக்கிழமைல ஸ்பெஷல் கிளாஸ் வெச்சாரு. இவன் போறேன்னுதான் நின்னான். நீங்கதான் வீட்டுக்கு போன் பண்ணீங்க. தமிழ் கட்-ஆஃப்ல வராதும்மா, டாக்டர் சீட்டுக்கு மூணு பாடம்தான் கணக்கு, டியூஷனுக்கு அனுப்பிடுங்கன்னு... சொன்னீங்களா இல்லியா? ... பாஸ் பண்ணா போதும்னீங்க... ஆமா, அந்தப் பாஸைத்தான் சார் காணோம்!

... ரீடோட்டலிங்கா? ஒன்பது மார்க்குக்கா? ... தெரியும், திரும்ப எழுதலாம். அந்த ரிசல்ட் வர்றதுக்குள்ள இங்க கவுன்சிலிங் முடிஞ்சிடும்... ஓ, நீங்களே இப்ப தமிழ் டியூஷனும் வைக்கப் போறீங்களா! நல்லா வாயில வந்துடும் சார் எனக்கு.

... இருங்க, இருங்க. திருப்பிச் சொல்லுங்க... மூணு பாடத்து மார்க் உண்மைதானே, பேனர் பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமேங்கறீங்களா? உங்க டியூஷனுக்கு அட்மிஷன் டைமா? உங்களுக்குக் கொஞ்சமாவது... ஹலோ, குறுக்க பேசாதீங்க! காலையிலேர்ந்து எம்புள்ள பச்சத் தண்ணி குடிக்கல. அவன் எப்படி இருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா சார் இதுவரைக்கும்?

... இப்ப கேக்கறீங்க... சரி, இருங்க. டேய் ஆரோன், சார் லைன்ல இருக்காரு, பேசறியா? ... என்னடா? ... ம்... ம்... சரிடா, சரிடா கண்ணு, அழாதே...

ஹலோ. பேச மாட்டானாம். கிளாஸ் பசங்க எல்லாம் அந்த ஸ்டாப்லதான் இறங்குவாங்க, எடுக்கச் சொல்லும்மாங்கறான். காலையிலேர்ந்து இப்பதான் சார் வாயைத் திறந்திருக்கான்...

நாளைக்கா? ... பேனர்க்காரன் படப்பையில இருக்கானா? ... சரி. சரி சார். அவன் வர வேணாம். ஏணி எங்க வீட்லயே இருக்கு, கத்தியும் இருக்கு. நானே ஏறிக் கிழிச்சுக்கறேன்... போலீஸ்ல சொல்லுவீங்களா? தாராளமா சொல்லுங்க. ஏணி மேல நின்னு, யாரு பேச்சைக் கேட்டு எம்புள்ள தமிழ் படிக்கலைன்னு போறவங்க வர்றவங்களுக்கெல்லாம் கேக்கற மாதிரி நானும் சொல்றேன். நீங்களும் வந்து கேளுங்க. வைங்க போனை!