லிப்டுக்குள்ள தலைவரு

அந்தப் பெட்டிய இப்படிக் கீழ வைங்க தம்பி, அவசரம் ஒண்ணுமில்ல. கூலாய்லருந்து லிப்ட் ரிப்பேர்க்காரர் வர மத்தியானம் ஆகும்னு சொன்னாங்க, நீங்க பத்து மணிக்கே வந்து நிக்கிறீங்க. மாசாய்ல இன்னைக்கி ஜாம் இல்லையா?

ஆமா, உள்ள ஆள் இருக்காரு. ஏழரைக்கு மாட்டுனாரு. மூணாம் மாடியில கதவு ஒரு சாண் திறந்துச்சு, அதுக்கு மேல நகரல. காத்து வருது, லைட்டு எரியுது. ரொட்டி சானாய மடிச்சி உள்ள குடுத்தோம், பையில கட்டுன புங்குஸ் தே ஓ டீய ஸ்ட்ராவோட குடுத்தோம். சீனி அதிகம்னு திட்டுறாரு, அப்ப நல்லாத்தான் இருக்காரு.

அவரா, எங்க பிளாட்டோட பழைய தலைவரு. பதினாறு வருஷம் அவரும் கூட்டாளிங்க ரெண்டு பேரும்தான் எல்லாம். கீழ காப்பிக்கடையில உக்காந்து முடிவு பண்ணிடுவாங்க. எல்லாரையும் கேட்டா ஒரு பல்பு கூட மாத்த முடியாது, வெவரம் தெரிஞ்ச மூணு பேரு போதும்பாரு. பொய் சொல்லக் கூடாது, பல்பு அன்னைக்கே மாறிடும் லா. ஆனா ரெண்டாம் மாடி மீரா பீவி வளத்த கறிவேப்பிலைச் செடியெல்லாம், பாக்க நல்லால்லன்னு ஒருநாள் குப்பையில கெடந்துச்சு. யாரு கேக்குறது?

போன வருஷம் ஓட்டுப் போட்டு இறக்கிட்டோம். இப்ப கமிட்டியில மாடிக்கு ஒரு ஆளு. மோட்டர் சைக்கிள் வச்சிருக்கவங்களுக்கு ஒண்ணு, பூனைக்குச் சோறு வைக்கிறவங்களுக்கு ஒண்ணு, விடியறதுக்கு முன்ன சிங்கப்பூர் வேலைக்குப் போறவங்களுக்கு ஒண்ணு. ஒருத்தரு வேணாம்னாலும் வேல நிக்கும். ஞாயந்தான். என்ன, இந்த லிப்ட் எட்டு மாசமா கீச்சு கீச்சுன்னு கத்துச்சு. கீழ் வீட்டுக்காரங்க, நாங்க இதுல ஏறுறதே இல்லையேங்கிறாங்க. ரெண்டாம் மாடி, படி ஏறுனா சக்கரைக்கி நல்லதுங்கிறாங்க. பூனைக்காரங்க, சத்தம் நின்னுட்டா லிப்ட் வர்றது பூனைக்கி எப்படித் தெரியும்ங்கிறாங்க. பதினோரு கூட்டம், மூணு பாஷையில.

அதத்தான் உள்ள இருந்து கத்திகிட்டு இருக்காரு, நான் அப்பவே சொன்னேன்ல, அப்பவே சொன்னேன்லன்னு. அவரு சொன்னதுலயும் உண்மை இல்லாம இல்ல.

இல்ல தம்பி, உடனே திறக்கக் கூடாதுன்னு காலையில கமிட்டியில முடிவாயிடுச்சி. இந்தக் கமிட்டி ஒரே மனசா எடுத்த மொத முடிவு. படிக்கட்டுல வரிசையா நிக்கிறாங்க பாருங்க, எல்லாரு கையிலயும் நம்பர் சீட்டு, கிளினிக் மாதிரி. ஒருத்தருக்கு மூணு நிமிஷம். கதவுச் சந்துல வாய வச்சி, இத்தன வருஷம் சொல்ல முடியாதத சொல்லிட்டு இறங்குறாங்க. மீரா பீவி கறிவேப்பிலைக்காக அழுதுட்டுப் போனாங்க. அஞ்சாம் மாடி சீன அங்கிள் மூணு நிமிஷமும் அவரையே முறைச்சிப் பாத்துட்டு வந்துட்டாரு. அவரு கேட்டுத்தானே ஆகணும், எங்க போவாரு?

எனக்கும் சீட்டு இருக்கு, இருபத்தேழு. இப்ப பத்தொம்பது நடக்குது. முந்திப் போகலாந்தான், சம்சாரத்த யாரு தடுக்கப் போறா? ஆனா அப்படிப் போனா அது அவரு காலத்து முறையாயிடும்ல.

ஆமா, அவரு சம்சாரந்தான். வீட்டுலயும் அவருதான் கமிட்டி. பாசிர் கூடாங்ல ஒரு பேக்டரியில லைன் லீடரா இருந்தேன், முப்பது பேரு என் கீழ. நான் வேலைய விடுறதா அவரே கடுதாசி எழுதி, என் கையெழுத்தையும் போட்டுக் குடுத்துட்டாரு. சூப்பர்வைசரு கூப்பிட்டு, நல்லா இருங்கன்னு கை குடுத்தப்பதான் எனக்கே தெரியும். பன்னெண்டு வருஷமாச்சு, இன்னும் ஆறல தம்பி. அந்தப் பேச்ச எடுத்தாலே செருப்ப மாட்டிகிட்டுக் காப்பிக்கடைக்குப் போயிடுவாரு.

உக்காருங்க, இன்னும் எட்டுப் பேருதான். இப்பவே கதவத் திறந்தா, இன்னைக்கும் போயிடுவாரு.