முந்திய கை

டீயில் சர்க்கரை கொஞ்சம் கூடிவிட்டது சார். பரவாயில்லை, குடித்துவிடுகிறேன்.

என் மனைவி சிவசக்தி எப்படி இறந்தாள் என்று கேட்டீர்கள். அதைப் புரிந்துகொள்ளத் தாளம் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை. தொடையில் ஒரு தட்டு. பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். நாலு ஆயிற்றா? இனி தட்டி ஒரு வீச்சு, மறுபடி தட்டி ஒரு வீச்சு. எட்டு. அடுத்த சுற்றின் முதல் தட்டுக்குச் சமம் என்று பெயர். நடுவில் யார் எங்கே சுற்றிவந்தாலும், பாடுகிறவரும் மிருதங்கக்காரரும் சேர வேண்டிய இடத்தில் சேர்ந்தாக வேண்டும். சேராவிட்டால் கூட்டத்துக்குத் தெரிந்துவிடும்.

அவள் பாடுவாள், நான் மிருதங்கம். கல்யாணமானதிலிருந்து அப்படித்தான். சிவகிரி, கரிவலம்வந்தநல்லூர், எங்கே கச்சேரி என்றாலும் எங்கள் இருவரையும் சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள்.

போன ஆடித்தபசுத் திருவிழாக் கச்சேரியில் நான் தனியாக வாசித்து முடித்தேன். நான் முடிக்கிற சமத்தில் அவள் பாட்டை எடுக்க வேண்டும், உடனே எடுக்கவில்லை. ஒரு எண்ணிக்கை தள்ளி, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே எடுத்தாள். கூட்டம் கைதட்டியது. இறங்கும்போது மைக் செட் ஆஷிக் அலி என் தோளைத் தொட்டு, “அக்கா சமாளிச்சிட்டாங்க அண்ணாச்சி, விடுங்க” என்றான்.

வீட்டுக்கு வந்தபிறகு அவள் அன்பாகத்தான் பேசினாள். அதை மறைக்க மாட்டேன்.

“உங்க கை முந்துதுங்க. கொஞ்ச நாளாவே முந்துது. டாக்டர்ட்ட காட்டுவோம். அடுத்த கச்சேரிக்கு செல்வக்குமாரை வாசிக்க வரச் சொல்லிருக்கேன்.”

“நான் முந்தல. நீதான் இழுக்கே.”

“சரி, நான்தான் இழுக்கேன். நீங்க ரெஸ்ட் எடுங்க.”

அவள் சண்டை போட்டிருந்தால் இன்றைக்கு நாம் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டோம். ஒப்புக்கொண்டுவிட்டாள், அதுதான். சீக்காளியிடம் பேசுகிற குரல்.

அவளுக்கு வீசிங் உண்டு. காற்றில் கரிசல் புழுதி கிளம்பினால் மூச்சு முட்டும். இன்ஹேலரைத் தலையணைக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பாள். செல்வக்குமாரோடு கச்சேரி இருந்த அன்று மதியம் அவள் கண்ணயர்ந்திருந்தாள். வெளியே நல்ல காற்று. நான் ஜன்னலைத் திறந்துவைத்தேன். இன்ஹேலரை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

இருமிக்கொண்டே எழுந்தாள். தலையணையைத் துழாவினாள். அப்புறம் என் பையைப் பார்த்தாள். “குடுங்க” என்றாள். சத்தம் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. என் பக்கம் கையை நீட்டினாள். நான் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டேன்.

பிறகு கட்டிலைத் தட்ட ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டுக் கோமதியம்மாளுக்குக் கேட்கட்டும் என்று தட்டியிருப்பாள். நான் என் தொடையில் தாளம் போட்டுப் பார்த்தேன். அவள் தட்டியது எதுவும் உரிய இடத்தில் விழவில்லை. வரவரப் பிந்திக்கொண்டே போனது. “பாத்தியா, இழுக்கே” என்றேன். அவள் காதில் விழுந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். கண்ணைத் திறந்தேதான் வைத்திருந்தாள்.

கை நின்றபிறகு கோமதியம்மாளைக் கூப்பிட்டேன். இருவருமாகத் தூக்கும்போது என் பையிலிருந்து இன்ஹேலர் கீழே விழுந்தது. அந்தம்மா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வெளியே ஓடினார். உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் செய்ததும் அவர்தான்.

நான்தான் கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள். கோபத்தில் செய்தேன் என்று மட்டும் எழுத வேண்டாம். தப்பு யாருடையது என்பது தீர்ந்தாக வேண்டியிருந்தது.

ஆடித்தபசுக் கச்சேரிக்குப் பதிவு ஏதும் உண்டா என்று கேட்கிறீர்கள். உண்டு. மறுநாளே ஆஷிக் அலி என் போனுக்கு அனுப்பிவிட்டான். இன்னும் அதில்தான் இருக்கிறது. நான் ஒரு தடவைகூடப் போட்டுக் கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியம் வரவில்லை சார்.