ஊமைப்பெட்டி

உங்கள் அறையில் மின்விசிறி நன்றாகச் சத்தம் போடுகிறது. சிலருக்கு இது எரிச்சலாக இருக்கும். எனக்குப் பிடிக்கும், நிறுத்த வேண்டாம். தண்ணீர் கொடுத்ததற்கு நன்றி, ஐயா. வக்கீல் வரும்வரை வாயைத் திறக்க வேண்டியதில்லை என்றும் சொன்னீர்கள். நான் ஒரு காலத்தில் விற்பனைக்காரன். வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் எனக்குக் கஷ்டம்.

மாடி அறையில் இறந்து கிடந்தவர் என் அக்காவின் கணவர். அத்தான் என்றுதான் கூப்பிடுவேன். அக்காவைக் கட்டிக்கொண்டபோது எனக்கு மீசை அரும்பிக்கொண்டிருந்தது. அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்க்ரூடிரைவர் இருக்கும், கல்யாணப் போட்டோவில்கூட அது தெரியும். அவர்மேல் எனக்குப் பொறாமை என்று நீங்கள் நினைத்தால் அது தவறு. அவரைவிடக் கெட்டிக்காரரை நான் பார்த்ததில்லை.

கம்ப்யூட்டர் என்றால் ஒரு பெரிய கூடம், அதற்குள் பீரோ பீரோவாக இயந்திரங்கள், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகும் ஆட்கள் என்றிருந்த காலம் அது. அத்தான் தையல் மிஷின் அளவில் ஒன்றைச் செய்தார். மேலே தூக்கிக்கொண்டு போகக் கைப்பிடி. காகிதம்போல் நெட்டுக்குத்தான வெள்ளைத் திரை. அதில் ஒரு பேனாவை வைத்து இழுத்தால் கோடு விழும். எழுதியதைப் பிடித்து நகர்த்தி வேறு இடத்தில் வைக்கலாம். இரண்டு பெட்டிகளை ஒரு கம்பியால் இணைத்தால், சமையலறையில் எழுதுவது முன்னறையில் தெரியும். அக்கா அனுப்பிய முதல் செய்தி "சாப்பிட வாங்க" என்பது. ஆள் வரவில்லை, "எழுத்து தெளிவா இருக்கு" என்று பதில் மட்டும் வந்தது. இன்று தெருவில் போகிற எல்லோர் கையிலும் இருப்பது அதுதான், ஐயா. உங்கள் மேஜையில் கவிழ்த்து வைத்திருப்பதும் அதுதான்.

அத்தான் அதில் விசிறி வைக்க மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். "இரைச்சல் போடுற மிஷின் முன்னாடி உக்காந்து மனுஷன் எப்படி யோசிப்பான்?" என்பார். சுவிட்சைப் போட்டு அரை மணி ஆனாலும் மூச்சுச் சத்தம்கூட வராது. அதைச் செய்துவந்த எங்கள் பட்டறையில் எல்லோரும் அதை ஊமைப்பெட்டி என்றே சொன்னோம். விசிறி இல்லாததால் சூடேறும். சூடேறினால் உள்ளே பலகையில் செருகியிருக்கும் சிப்புகள் கொஞ்சம் கொஞ்சமாக மேலே எழும்பிவிடும், திரை அப்படியே உறைந்து நிற்கும். அதற்கு ஒரே வைத்தியம்தான். பெட்டியைக் கைப்பிடியோடு ஒரு சாண் தூக்கித் தொப்பென்று போட வேண்டும். சிப்புகள் மறுபடி போய் உட்கார்ந்துகொள்ளும். தட்டி எழுப்புவது என்று இதற்குப் பெயர் வைத்திருந்தோம். வேறு எந்தப் பட்டறையிலும் இதைப் பழுது என்று சொல்லியிருப்பார்கள்; நாங்கள் பழகிக்கொண்டோம்.

விற்பது என் வேலை. பள்ளிக்கூடம், அச்சகம், மருத்துவமனை என்று தூக்கிக்கொண்டு அலைந்தேன். ஒரு தலைமையாசிரியர் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, "எல்லாம் சரிப்பா, பேப்பரை எங்க செருகுறது?" என்று கேட்டார். கடைசியாக ஒரு பெரிய வங்கி பார்க்கிறேன் என்றது. தலைமை அதிகாரிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் பெட்டியைப் பூட்டிய காரில் வெயிலில் வைத்துவிட்டு, வரவேற்பறையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே கொண்டுபோய் சுவிட்சைப் போட்டதும் திரை உறைந்தது. அத்தான் எல்லோர் முன்னிலும் தூக்கித் தொப்பென்று போட்டார். மேலதிகாரி, "எங்க வீட்டு டிவிக்கும் இதே வைத்தியம்தான்" என்றார். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். வாங்குபவர் சிரித்தால் விற்பவனும் சிரிக்க வேண்டும், அது தொழில். அத்தான் மற்றவர்களைப் பார்க்கவில்லை, என்னை மட்டும் பார்த்தார். அதற்குள் பெட்டி எழுந்து வேலை செய்ய ஆரம்பித்திருந்தது, யாரும் கவனிக்கவில்லை.

திரும்பும் வழியில் அவர் ஒன்றும் கேட்கவில்லை. காரில் வைத்ததையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் மன்னிப்புக் கேட்டிருப்பேன். அதற்குப் பதிலாக நானே, "இது காலத்துக்கு முந்தி வந்துடுச்சு அத்தான். காலம் வரட்டும்" என்றேன். அந்த வாக்கியத்தை அவர் பிடித்துக்கொண்டார்.

யாரும் வாங்காமல் பட்டறையை இழுத்து மூடியதும் மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் அறைக்குப் போனார். ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு அதை இன்னும் செம்மைப்படுத்திக்கொண்டே இருந்தார். திரையில் வெளிச்சம் விழக் கூடாது என்று ஜன்னலைச் சாத்திக் கருப்புக் காகிதம் ஒட்டியது அவரேதான், நான் இல்லை. பெட்டிக்குக் குளிர் வேண்டும் என்று ஏசி வைத்தோம். அதன் சுவிட்ச் கீழே, என் கடையில் இருக்கிறது. வெளிநாட்டில் இதேபோல் ஒன்றை ஜனங்கள் அடித்துப்பிடித்து வாங்குகிறார்கள் என்று பத்திரிகையில் வந்தபோது, அக்கா அதைக் கிழித்து அடுப்பில் போட்டாள். "அவர் தாங்க மாட்டார்டா. இன்னும் காலம் வரலைன்னே சொல்லிடு" என்றாள். ஆக முதல் பொய் என்னுடையதல்ல. நான் அதைத் தொடர்ந்தேன், அவ்வளவுதான்.

அக்கா சாகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவரைப் பாத்துக்கடா" என்றாள். பார்த்துக்கொண்டேன். வேளாவேளைக்குச் சாப்பாடு, துவைத்த வேட்டி, வெந்நீர் எதிலும் குறை வைக்கவில்லை. வெளியே பூட்டுப் போட்டதைப் பெரிய விஷயமாக எழுதியிருக்கிறீர்கள். படிகள் செங்குத்தானவை, அவருக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. பூட்டின் சாவி என் இடுப்பில் இருந்ததால் நானும் எங்கும் போக முடியவில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஓர் ஊருக்குப் போய் ஒரு நாள் தங்கியதில்லை. அந்த வீட்டில் அடைபட்டுக் கிடந்தது இரண்டு பேர் என்பதை யாராவது எழுதினால் நன்றாக இருக்கும்.

கீழே நான் வைத்திருப்பது செல்போன் பழுதுபார்க்கும் கடை. இதில் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். நாள் முழுக்க அத்தானின் பெட்டியைத்தான் சின்னதாகக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். மேலே போனால் அவர் தவறாமல் கேட்பார்: "வெளிய நிலவரம் எப்படி?" நானும் தவறாமல் சொல்வேன்: "இன்னும் வரல அத்தான்." ஒருமுறை அப்படிச் சொல்லும்போது என் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. என்ன சத்தம் என்றார். வண்டு என்றேன். அவர் பீரோவை நகர்த்தி அந்த வண்டைத் தேடினார். நானும் கூடச் சேர்ந்து தேடினேன். அதன்பிறகு போனைக் கீழேயே வைத்துவிட்டுப் போவேன்.

இப்படியே போயிருக்கும். அந்தப் பெண் வராமல் இருந்திருந்தால் எல்லாம் நல்லபடியாகப் போயிருக்கும். பழைய கம்ப்யூட்டர்களுக்கென்று ஓர் அருங்காட்சியகம் கட்டுகிறார்களாம், அதிலிருந்து வந்திருந்தார். எங்கள் பழைய விளம்பரம் ஒன்றைப் பார்த்து விசாரித்துக்கொண்டே கடைக்கு வந்துவிட்டார். போட்டோக்களைக் காட்டினேன். அவர் கண் கலங்கிவிட்டது. மேலே தொப்பென்று சத்தம் கேட்டது, அத்தான் பெட்டியைத் தட்டி எழுப்பினார். "மேல யாரு சார்?" என்று அந்தப் பெண் கேட்டார். "அக்கா வீட்டுக்காரர். உடம்பு சரியில்லாதவர், எதையாவது தட்டிக்கிட்டே இருப்பார்" என்றேன். அப்போதுவரை நான் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு கேட்டார்: "இது வந்தப்போ யாருக்கும் இதோட அருமை புரியல சார். இதைச் செஞ்சவர் இப்ப எங்க இருக்கார்?"

"உங்க முன்னாடிதான் உக்காந்திருக்கார்" என்றேன்.

நான் யோசித்துச் சொல்லவில்லை. விற்பனைக்காரனின் வாய், எதிரில் இருப்பவருக்கு வேண்டியதை எடுத்துக் கொடுத்துவிட்டது. அந்தப் பெண் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். எதற்கு என்று முதலில் எனக்குப் புரியவில்லை. மரியாதைக்கு. இந்த வயதுவரை என்னைப் பார்த்து ஒருவர்கூட எழுந்து நின்றதில்லை, ஐயா. உட்காருங்கள் என்று சொல்ல எனக்கு நேரமாயிற்று. வேலை செய்யும் பெட்டி ஒன்று இருந்தால் நடுக்கூடத்தில் வைத்துப் பக்கத்தில் உங்கள் பெயரும் போடுவோம், திறப்பு விழாவில் நீங்கள் பேச வேண்டும் என்றார். சரி என்றேன்.

அன்று சாப்பாடு கொண்டுபோனபோது அத்தான் நிலவரம் கேட்கவில்லை. "ஒரு பொண்ணு குரல் கேட்டுச்சே. திரைன்னு என்னமோ சொன்னா."

"போன் ரிப்பேருக்கு வந்தவங்க அத்தான்."

"போனுக்கு எதுக்குடா திரை?"

அவருக்குப் போன் என்றால் சுருள் கம்பி தொங்கும் கனத்த கருப்புச் சாமான். நான் தட்டை வைத்துவிட்டு நின்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வங்கியில் பார்த்த அதே பார்வை. பிறகு பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு, "நான் ஒரு தடவை கீழ வந்து பாத்துட்டு வரட்டுமா? சும்மா வாசல் வரைக்கும்" என்றார். இத்தனை வருடத்தில் அவர் தனக்கென்று என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். நான், "வெயில் கொஞ்சம் தணியட்டும் அத்தான்" என்றேன். வெயிலைத்தான் சொன்னேன், காலத்தை அல்ல. அவர் தலையாட்டிக்கொண்டார்.

இப்போது நீங்கள் முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அத்தான் இறந்த அன்று மதியம் மேலே அத்தனை நேரம் சத்தம் கேட்டும் ஏன் போய்ப் பார்க்கவில்லை? போனைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த தையல்காரர் உங்களிடம் சொல்லியிருப்பார். அவர் நல்ல மனிதர், பொய் சொல்ல மாட்டார். தொப், தொப் என்று சத்தம் வந்தது உண்மை. முதலில் விட்டு விட்டு, அப்புறம் விடாமல். "மேல என்னங்க இது? யாரோ கூப்பிடற மாதிரி இருக்கே" என்றார். "அத்தான் பெட்டியைத் தட்டி எழுப்புறார். அது சூடானா அப்படித்தான்" என்றேன். இத்தனை வருடம் அந்தச் சத்தத்துக்கு அந்த வீட்டில் வேறு அர்த்தம் கிடையாது. காதுக்குப் பழகிப்போன ஒன்றுக்கு யார் படியேறுவார்கள்? தையல்காரர் அப்புறமும் மேலேயே பார்த்துக்கொண்டிருந்ததால் கடை விசிறியை முழு வேகத்தில் வைத்தேன். அது இந்த அறையின் விசிறிபோலவே நல்ல சத்தம் போடும். வெயில் இறங்கும் நேரத்தில் மேலே சத்தம் நின்றது. சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னும் ஒன்று. நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் அறையைப் பார்த்தவர்கள் நீங்கள், நடுவில் மேஜை காலியாக இருந்ததைக் கவனித்திருப்பீர்கள். கால் உடைந்து கிடந்த நாற்காலியையும் பார்த்திருப்பீர்கள்.

அருங்காட்சியகத்தின் வேன் அன்று காலையிலேயே வந்துவிட்டது. அக்கா கடைசி நாட்களில் சாப்பிட்ட தூக்கமாத்திரைகள் மீதம் இருந்தன, அத்தானின் காப்பியில் கலந்து கொடுத்தேன். பெட்டி போவதைப் பார்த்தால் மனம் சங்கடப்படுமே என்றுதான். அவர் குழந்தைபோல் தூங்கினார். பெட்டியை வேறு யாரையும் தொட விடவில்லை. நானே மெதுவாக, ஒவ்வொரு படியாக இறக்கிக்கொண்டு வந்தேன். அந்தப் பெண் என்னைப் பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார். வேன் போனதும் மேலே போய்க் கதவைப் பூட்டினேன். கடைக்கு வந்து ஏசி சுவிட்சை அணைத்தேன். ஏசி வைத்தது பெட்டிக்காக. பெட்டியே இல்லாத அறைக்குக் குளிர் எதற்கு?

வெயில் உச்சிக்கு வந்தபோது முதல் சத்தம் கேட்டது. பெட்டியைத் தட்டி எழுப்புகிறார் என்று தையல்காரரிடம் நான் சொன்னது நினைவிருக்கிறதல்லவா. நான் அதை நம்பித்தான் சொன்னேன், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். சொல்லும்போது என் கை மேஜைமேல் விரிந்து கிடந்தது. உள்ளங்கையில், அந்தப் பெட்டியின் கைப்பிடி அழுத்திய தடம் இன்னும் சிவந்திருந்தது.